வயிற்றுக்குத்தோடு வரும் பிள்ளை: யாழ்ப்பாணத்தில் குழந்தைநல மருத்துவத்துக்குப் புதிதாக வருவோருக்கு ஒரு வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில் எந்தத் தாயும் "என்ரை பிள்ளைக்கு மனச்சோர்வு" என்று சொல்லிக்கொண்டு குழந்தைநலக் கிளினிக்குக்கு வருவதில்லை. வயிற்றுக்குத்து என்று வருவார். தலையிடி என்று, நெஞ்சு படபடக்கிறது என்று, காலைப் பிரார்த்தனையில் மயங்கி விழுந்தாள் என்று, எட்டு வயதாகியும் பாயை நனைக்கிறான் என்று வருவார். உளநலப் பிரிவின் வாங்கில் பிள்ளையோடு இருந்ததை யாரேனும் கண்டால் ஊருக்குள் பெயர் கெட்டுவிடும், நாளைக்குக் கலியாணம் பேசும்போதும் அது வந்து நிற்கும் என்ற அச்சம் இன்னமும் தீராத இடம் இது. காய்ச்சலுக்கும் சளிக்கும் போகும் அதே கதவால் உள்ளே வருவதற்கு மட்டும் எவரும் கூசுவதில்லை. ஆகையால் பெரும்பாலான பிள்ளைகளின் மனவருத்தத்தை முதலில் எதிர்கொள்பவர் குழந்தைநல மருத்துவரே. அவர் கவனியாது விட்டால் வேறொருவர் அதைக் காண்பதற்குப் பல வருடங்கள் ஆகலாம்.

வடக்கின் வைத்தியசாலைகளில் குழந்தைகள் விடுதிக்கோ கிளினிக்குக்கோ முதன்முறையாக நியமனம் பெற்று வரும் மருத்துவர்களுக்காக இந்தக் குறிப்புகளை எழுதுகிறேன். பிள்ளையின் மனத்தைப் பார்ப்பதைப் பற்றியும், பார்ப்பவர் தம் மனத்தைக் காப்பதைப் பற்றியும் ஒரே கட்டுரையில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. இரண்டிலும் நாம் செய்யும் பெரிய பிழை ஒன்றுதான்: எல்லாவற்றையும் தனி ஒருவராகச் சுமக்க முயல்வது. எதை நாமே செய்வது, எதை யாரிடம் எப்படிக் கையளிப்பது என்று முன்கூட்டியே ஒழுங்கு செய்துகொண்ட மருத்துவரே பிள்ளைக்கும் பயன்படுகிறார், பத்து வருடங்களின் பின்னும் அந்த விடுதியில் மனம் கசக்காமல் நிற்கிறார்.

முதற்படி: ஆட்களை அறிந்துகொள்ளுங்கள்

பணியேற்ற முதல் வாரத்திலேயே ஒரு சிறிய கொப்பி வாங்குங்கள். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவிலும், நீங்கள் வலிகாமத்திலோ வடமராட்சியிலோ பணியாற்றினால் தெல்லிப்பழை, பருத்தித்துறை ஆதார வைத்தியசாலைகளின் உளநலப் பிரிவுகளிலும் பிள்ளைகளைப் பார்ப்பவர் யார், எந்தக் கிழமையில் பார்க்கிறார், அவசரமென்றால் எந்த இலக்கத்துக்கு அழைப்பது என்பவற்றை அதில் எழுதுங்கள். அடுத்து உங்கள் பகுதியின் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை, வீடுகளுக்குச் சென்று தாய்மாரையும் பிள்ளைகளையும் பார்க்கும் குடும்பநல உத்தியோகத்தர்கள், பிரதேச செயலகத்தில் இருக்கும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், நன்னடத்தை உத்தியோகத்தர், உளவளத்துணை உத்தியோகத்தர், சட்ட வைத்திய அதிகாரி, பொலிஸ் நிலையத்தின் சிறுவர் பெண்கள் பிரிவு ஆகியோரின் பெயர்களையும் இலக்கங்களையும் சேருங்கள். இவற்றோடு மூன்று குறுகிய இலக்கங்கள் மனப்பாடமாக இருக்கவேண்டும்: தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929, தேசிய மனநல நிறுவகத்தின் 1926, அவசர அம்புலன்ஸ் சேவையின் 1990.

பட்டியலை எழுதுவதோடு நின்றுவிடாமல், ஒரு பிற்பகலை ஒதுக்கி இவர்களில் முக்கியமானவர்களை நேரிற் சென்று சந்தியுங்கள். முகம் தெரிந்த ஒருவர் தொலைபேசியில் "இந்தப் பிள்ளையை நாளைக்குப் பார்க்கமுடியுமா" என்று கேட்பதும், உறையிலிட்ட ஒரு கடிதம் போவதும் ஒன்றல்ல என்பதை நான் தாமதமாகவே உணர்ந்தேன். குடும்பநல உத்தியோகத்தரை மறந்துவிட வேண்டாம். தகப்பன் குடிக்கிறாரா, தாய் பிரசவத்தின் பின் முற்றத்துக்கே வராமல் கிடக்கிறாரா, பிள்ளை அம்மம்மாவோடு தனியே விடப்பட்டிருக்கிறதா என்பதெல்லாம் நமக்கு முன்பே அவருக்குத் தெரிந்திருக்கும். தரம் 1, 4, 7, 10 மாணவர்களுக்கு நடக்கும் பாடசாலை மருத்துவப் பரிசோதனையும், பாடசாலையின் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியரும் நமக்கு இருக்கும் மற்ற இரண்டு கண்கள். இடமாற்றங்கள் அடிக்கடி வருவதால், கொப்பியை ஆண்டுக்கு ஒரு தடவையேனும் புதுப்பியுங்கள்.

இரண்டாம் படி: இடமும் நேரமும்

ஒரே மேசையின் இரு பக்கங்களிலும் இரண்டு மருத்துவர்கள், பின்னால் பத்துத் தாய்மார், அருகில் நிறை பார்க்கும் தராசு, அழும் குழந்தைகள் என்றிருக்கும் கிளினிக்கில் எந்தப் பதினான்கு வயதுப் பிள்ளையும் வாய் திறக்காது. தனி அறை கிடைக்கும்வரை காத்திருக்காதீர்கள், பெரும்பாலும் அது கிடைக்கப்போவதில்லை. தாதிய உத்தியோகத்தரோடு பேசி, ஊசி போடும் அறையையோ, மருந்து அலுமாரிக்குப் பின்னுள்ள மூலையையோ இரண்டு கதிரைகளோடு ஒழுங்கு செய்துகொள்ளலாம். சந்தேகம் எழும் பிள்ளையைக் கிளினிக்கின் கடைசி ஆளாக வைத்துப் பத்து அல்லது பதினைந்து நிமிடம் ஒதுக்குவது வழமையாக நன்றாகவே பயன்படுகிறது. ஆனால் நெடுந்தீவிலிருந்தோ நயினாதீவிலிருந்தோ வந்த தாயிடம் "கடைசியில் வாருங்கோ" என்று சொல்லிவிட்டால், குறிகட்டுவானில் படகு போய்விடும், அவர் அடுத்த முறை வரவும் மாட்டார். எங்கிருந்து, எதில் வந்தீர்கள், எத்தனை மணிக்குத் திரும்பவேண்டும் என்று கேட்டபின் ஒழுங்கை முடிவுசெய்யுங்கள்.

மழைக்காலம் முடியும் மார்கழி, தை மாதங்களில் டெங்குப் பிள்ளைகளால் விடுதி நிரம்பும்போது இந்தப் பதினைந்து நிமிடமே முதலில் கைவிடப்படும். அக்காலத்தில் புதிதாக எவரையும் தொடங்க முடியாது போனாலும், ஏற்கெனவே தொடர்பில் இருக்கும் பிள்ளைகளின் திகதிகளைத் தள்ளிப்போடாமல் காப்பாற்றுங்கள்.

மூன்றாம் படி: உடல் சொல்வதைக் கேட்டல்

பிள்ளைகளின் மனவருத்தம் வயதுக்கேற்ற உருவத்தில் வருகிறது. நான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளை சாப்பிட மறுக்கும், இரவில் திடுக்கிட்டு எழும், பேசப் பழகியதை மறந்து மழலைக்குத் திரும்பும், தாயின் சேலையை விடாது. ஆரம்பப் பாடசாலை வயதில் வயிற்றுக்குத்தும் படுக்கை நனைத்தலும் பள்ளிக்கூடம் போக மறுத்தலும் முன்னுக்கு நிற்கும். அதற்கு மேற்பட்ட வயதில் தலையிடி, வேகமூச்சு, விரல்கள் விறைத்துச் சுருங்குதல், மயக்கம், தன்னைத்தானே காயப்படுத்தல் என்று போகும். தாய்மாரின் சொற்களுக்குக் காது கொடுங்கள்: "பிள்ளை ஏங்கிப்போச்சுது", "கனக்க யோசிக்கிறாள்", "முகத்தில களையில்லை" என்பவை போகிறபோக்கில் சொல்லப்படும் வார்த்தைகளாகத் தோன்றினாலும், எங்கள் மொழியில் மனத்துயரத்தின் அறிகுறிகளைச் சொல்வதற்கு இருக்கும் சொற்களே அவை.

நேரத்தைப் பற்றிய ஒரு கேள்வி பல பரிசோதனைகளுக்குச் சமம். எந்தக் கிழமையில், எத்தனை மணிக்கு, எதற்கு முன்னால் நோகிறது? ஞாயிறு இரவும் திங்கள் காலையும் நொந்து, பாடசாலை விடுமுறையில் காணாமற் போகும் வயிற்றுக்குத்துக்கு வகுப்பறையிலோ வழியிலோ காரணம் தேடவேண்டும். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கு முந்திய மாதங்களில், அதிகாலையில் ஒரு ரியூசன், பாடசாலை முடிந்தபின் இன்னொன்று, இரவில் மாதிரி வினாத்தாள் என்று பத்து வயதுப் பிள்ளையின் நாள் ஓடும்போது அதன் வயிறு நோவது வியப்புக்குரியதன்று. எனினும் மனம் என்று முடிவுகட்ட அவசரப்படக் கூடாது. நோவு பிள்ளையை நித்திரையிலிருந்து எழுப்புகிறதா, நிறை குறைகிறதா, இரத்தம் போகிறதா, பச்சை நிறமாக வாந்தி வருகிறதா, நோவு தொப்புளைவிட்டு விலகி ஒரு பக்கத்தில் நிற்கிறதா என்பவற்றில் ஒன்றேனும் இருந்தால் உடலை முழுமையாக ஆராயவேண்டும்.

மனநோய் போலத் தோன்றும் உடல்நோய்களை நாம்தான் பிடிக்கவேண்டும், ஏனெனில் இது குழந்தைநல மருத்துவருக்கே உரிய பலம். வகுப்பில் சில விநாடிகள் வெறித்துப் பார்ப்பவனுக்குக் கவனக்குறைவு என்று பெயர் வைக்குமுன் வலிப்பின் ஒரு வகையை நினையுங்கள். சொல்வழி கேளாதவன், பேசத் தாமதிப்பவன் என்றால் செவிப்புலனைச் சோதிக்காமல் ஒட்டிசம் என்று எழுதவேண்டாம். சோர்ந்து கிடப்பவளின் ஹீமோகுளோபினையும் தைரொயிட் சுரப்பையும் பாருங்கள். நாம் கொடுத்த மருந்தே காரணமாவதும் உண்டு: வலிப்புக்குப் பீனோபாபிற்றோன் குடிக்கும் பிள்ளை துருதுருவென்று அடங்காமல் திரியலாம், வலிப்புக்கே கொடுக்கும் லெவெற்றிரசெற்றம் எரிச்சலையும் கோபத்தையும் தரலாம், சிறுநீரக நோய்க்குப் பிரட்னிசொலோன் குடிக்கும் பிள்ளையின் மனநிலை நாளுக்கு நாள் ஏறி இறங்கலாம். தாயிடம் இதை முன்னரே சொல்லிவைத்தால், பிள்ளை அடிவாங்குவதைத் தடுக்கலாம்.

எல்லாப் பரிசோதனையும் சரியாக வந்தபின் சொல்லும் வார்த்தையில்தான் நான் ஒருமுறை தவறினேன். அடிக்கடி மயங்கி விழுந்த பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒன்றின் தாயிடம், மகிழ்ச்சியான செய்தி சொல்கிறேன் என்று எண்ணி, "இவவுக்கு ஒண்டுமில்லை" என்றேன். தாய்க்கு அது "இவ நடிக்கிறா" என்று கேட்டிருக்கிறது. வீட்டுக்குப் போய்ப் பிள்ளைக்கு ஏச்சும் அடியும். ஆறு மாதங்களின் பின் அவர்கள் மறுபடி வந்தபோது பிள்ளை பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டிருந்தது. அன்றிலிருந்து அந்த வசனத்தை நான் பாவிப்பதில்லை. "பிள்ளைக்கு நோகிறது உண்மை, மயங்குவதும் உண்மை. இதயமும் மூளையும் நன்றாக இருக்கின்றன. மனத்தில் பாரம் கூடினால் உடம்பு இப்படிக் காட்டும், பரீட்சைக்கு முன் எங்களுக்கெல்லாம் வயிற்றைக் கலக்குவது போல. இது மாறும், மாற்றுவதற்கு நான் உங்களோடு நிற்பேன்" என்று, பிள்ளையும் கேட்கும்படியாக, ஒவ்வொரு வசனமாகச் சொல்கிறேன். வேகமூச்சில் விறைத்துப்போகும் பிள்ளைக்குக் கடதாசிப் பை பிடிக்கும் பழைய வழக்கத்தைக் கைவிட்டு, பக்கத்தில் இருந்து, மெதுவாக மூச்சை வெளியே விடப் பழக்குங்கள்.

நான்காம் படி: கேட்கும் முறை

பெற்றோரோடு சேர்த்து ஒருமுறை, பிள்ளையோடு தனியே ஒருமுறை, மறுபடி எல்லோரும் சேர்ந்து ஒருமுறை என்ற ஒழுங்கைப் பழகுங்கள். சிறு பிள்ளையிடம் கேள்வி கேட்குமுன் வெள்ளைத் தாளும் நிறப் பென்சிலும் கொடுத்து வீட்டை வரையச் சொல்லுங்கள். படத்தில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்பதிலிருந்து பேச்சு தானே தொடங்கும். எங்கள் வீடுகளில் பெற்றோரே பிள்ளையை "நீங்கள்" என்று கூப்பிடும் வழக்கம் பரவலாக இருப்பதால், வைத்தியர் "நீ" என்று அழைப்பது பதின்ம வயதினருக்கு அதட்டலாகவே கேட்கும். "நீங்கள்" என்றே தொடங்குங்கள். வீடு, பள்ளிக்கூடம், சிநேகிதர், விளையாட்டு, நித்திரை, சாப்பாடு, கைத்தொலைபேசி என்று இலகுவானவற்றிலிருந்து நகர்ந்து, போதைப்பொருள், காதல், உடலைத் தொட்டவர்கள், சாகவேண்டும் என்ற நினைப்பு என்ற கடினமானவற்றுக்குப் பிந்தி வாருங்கள்.

தனியே பேசத் தொடங்கும்போதே இரகசியத்தின் எல்லையைச் சொல்லிவிடவேண்டும்: "நீங்கள் சொல்வதை நான் அம்மாவிடம் போய் ஒப்புவிக்க மாட்டேன். ஆனால் உங்களுக்கு ஆபத்து வரும், அல்லது யாராவது உங்களைத் துன்பப்படுத்துகிறார்கள் என்று தெரிந்தால், உங்களைக் காப்பாற்ற வேறு சிலருக்குச் சொல்லவேண்டி வரும். அப்படிச் சொல்லும்போது உங்களுக்குச் சொல்லிவிட்டே சொல்வேன்." ஒருவருக்கும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் பின்னர் மீறுவதுபோல் பிள்ளையின் நம்பிக்கையை அறுப்பது வேறொன்றுமில்லை. "விசர்" என்ற சொல் உங்கள் வாயிலிருந்தோ, உங்கள் விடுதியில் எவர் வாயிலிருந்தோ, விளையாட்டுக்கும் வரக்கூடாது.

பிள்ளையின் பலங்களையும் சிரமங்களையும் பற்றிக் கேட்கும், எஸ்.டி.கியூ. எனப்படும் 25 கேள்விகள் கொண்ட வினாக்கொத்து தமிழிலும் கிடைக்கிறது. பெற்றோரும் ஆசிரியரும் ஐந்து நிமிடங்களில் நிரப்பிவிடலாம். யாரை விரிவாகப் பார்க்கவேண்டும் என்று அது காட்டும். நோய்க்குப் பெயர் வைப்பதற்கு அதை நம்பவேண்டாம்.

ஐந்தாம் படி: ஆபத்து என்று தெரிந்தால்

சாவைப் பற்றிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை ஊட்டிவிடுவோம் என்று புதியவர்கள் அஞ்சுகிறார்கள். கேட்பதால் அந்த எண்ணம் உண்டாவதில்லை. பலருக்குக் கேட்டதே பாரத்தை இறக்குகிறது. "சில பிள்ளைகளுக்கு இவ்வளவு கவலை வந்தால் உயிரோடு இருக்க வேண்டாம் என்றுகூட நினைப்பு வரும். உங்களுக்கு அப்படி வந்ததா?" என்று அமைதியான குரலில் நேராகக் கேளுங்கள். ஆம் என்றால் எப்போது, எவ்வளவு அடிக்கடி, ஏதாவது திட்டம் இருக்கிறதா, முன்னர் முயன்றதுண்டா, தடுத்து நிறுத்துவது எது என்று தொடருங்கள். திட்டமோ முன்முயற்சியோ இருந்தால் பிள்ளையைத் தனியே விடாமல் விடுதியில் அனுமதித்து, அன்றே உளநலப் பிரிவோடு பேசவேண்டும். வீட்டுக்கு அனுப்பும்போது, மருந்துகளையும் பூச்சிகொல்லிகளையும் அகற்றுவது அல்லது பூட்டித் திறப்பை ஒரு பெரியவர் வைத்திருப்பது பற்றித் தெளிவாகப் பேசுங்கள், குறிப்பாக வெங்காயமும் புகையிலையும் செய்யும் வீடுகளில். இலங்கையில் 1995ஆம் ஆண்டில் இலட்சம் பேருக்கு 47 என்ற உச்சத்தில் இருந்த தற்கொலை வீதம் அடுத்த பத்து ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. கொடிய பூச்சிகொல்லிகளைத் தடைசெய்தது அதற்கு முதன்மைக் காரணம் என்று ஆய்வுகள் காட்டின. எட்டாத தூரத்தில் வைப்பது உயிர் காக்கும் என்பதற்கு எங்கள் நாடே சான்றாக இருக்கும்போது, ஒரு பூட்டைப் பற்றிப் பேசுவதற்குக் கூச்சப்படத் தேவையில்லை.

துஷ்பிரயோகம் என்ற ஐயம் எழுந்தால் விசாரணையாளர் ஆகிவிடாதீர்கள். பிள்ளை தானாகச் சொன்னதை, பிள்ளையின் சொற்களிலேயே, மேற்கோட் குறிக்குள், திகதியும் நேரமும் இட்டு எழுதுங்கள். ஒரே கதையைத் தாதியிடமும் பயிற்சி மருத்துவரிடமும் பொலிசாரிடமும் திரும்பத் திரும்பச் சொல்லவைப்பது பிள்ளையை மறுபடியும் காயப்படுத்துவதாகும். பொறுப்பு வைத்திய நிபுணருக்கு உடனே அறிவித்து, பிள்ளையை விடுதியில் பாதுகாப்பாக வைத்திருந்து, சட்ட வைத்திய அதிகாரிக்கும் பொலிசாருக்கும் முறைப்படி தெரிவிக்கவேண்டும். 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கு 1929 மூலம் எந்நேரமும் அறிவிக்கலாம். துறைசார்ந்த எல்லோரும் ஒரு மேசையில் கூடிப் பேசும் கூட்டத்துக்குப் பிறகே பிள்ளை வீடு திரும்புவதா என்பதை முடிவுசெய்யவேண்டும். குடும்பத்தின் மானம் போய்விடும், பேசித் தீர்ப்போம் என்று உறவினரோ ஊர்ப் பெரியவரோ வந்து நிற்பார்கள். அவர்களை மரியாதையாகக் கேளுங்கள், ஆனால் முடிவை அவர்களிடம் கொடுக்காதீர்கள்.

ஆறாம் படி: பிள்ளைக்குப் பின்னால் நிற்கும் குடும்பம்

இன்று கிளினிக்குக்கு வரும் தாய் தந்தையரில் பலர், 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவில், போரால் யாழ்ப்பாணத்தைவிட்டு இடம்பெயர்ந்து செம்மணி வழியே மழையில் நடந்த பிள்ளைகள். இளையவர்கள் 2009இல் இறுதிப் போரின்போது வன்னியில் இருந்தவர்கள். வடமராட்சிக் கரையோரத்தவருக்கு 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலையும் இருக்கிறது. பிள்ளைக்குச் சிறு காய்ச்சல் வந்தாலும் கை நடுங்கும் தாயை, "ஏன் இவ்வளவு பயம்" என்று கடிந்துகொள்ளுமுன் அவருடைய கதை என்ன என்று கேளுங்கள். அதற்கு ஒரு கேள்வி போதும்: "பிள்ளையைப் பார்க்கும் உங்களை யார் பார்க்கிறார்கள்?" தாயின் மனச்சோர்வைக் கவனித்து உரிய இடத்துக்கு அனுப்புவது, பிள்ளைக்கு எழுதும் எந்த மருந்தையும்விடப் பல வேளைகளில் அதிகம் செய்கிறது. தகப்பன் வெளிநாட்டில், தாய் கடன் கட்ட வேலைக்கு, பிள்ளை அப்பம்மாவோடு என்ற வீடுகளில், கிளினிக்குக்கு வரும் அப்பம்மாவையே பெற்றோராக மதித்து முழு விளக்கத்தையும் அவருக்குச் சொல்லுங்கள். தகப்பனை ஒரு நாள் தொலைபேசிக் காணொளி அழைப்பில் சேர்த்துக்கொள்வது பலமுறை எனக்குக் கைகொடுத்திருக்கிறது.

நூல் கட்டினோம், பார்வை பார்த்தோம், செல்வச்சந்நிதிக்கு நேர்த்தி வைத்தோம் என்று சொல்பவரைப் பார்த்துச் சிரிக்கவோ முகம் சுளிக்கவோ வேண்டாம். அந்த நம்பிக்கை குடும்பத்தைத் தாங்கி நிற்கிறது, அதைப் பிடுங்கினால் நம்மையும் சேர்த்து விலக்குவார்கள். இரண்டு நிபந்தனைகளை மட்டும் உறுதியாகச் சொல்லுங்கள்: மருந்தை நிறுத்தக்கூடாது, பிள்ளையை அடிக்கவோ சுடவோ பட்டினி போடவோ எவருக்கும் இடம் கொடுக்கக்கூடாது.

நீரிழிவுக்கு நாளுக்குப் பலமுறை ஊசி போடும் பிள்ளை, தலசீமியாவுக்கு மாதந்தோறும் இரத்தம் ஏற்ற வரும் பிள்ளை, புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் பிள்ளை ஆகியோரிடம் நோயைப் பற்றி அவர்கள் வயதுக்கேற்ற மொழியில் உண்மையைச் சொல்லுங்கள். பெரியவர்கள் வெளியே போய்க் குசுகுசுப்பதைக் காணும் பிள்ளை, உண்மையைவிடப் பயங்கரமான ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளும். வீட்டில் விடப்பட்ட தமையனையும் தங்கையையும் பற்றியும் ஒரு கேள்வி கேட்கப்படவேண்டும்.

ஏழாம் படி: உங்களைக் காத்தல்

இதை ஏழாவதாக எழுதினாலும் முதல் நாளிலேயே தொடங்கவேண்டும். 2019இல் உலக சுகாதார அமைப்பு ஏற்றுக்கொண்ட நோய் வகைப்பாடு, வேலைச்சோர்வை நோயாகக் கருதாமல், சரிவரக் கையாளப்படாத பணி அழுத்தத்தின் விளைவாக விளக்கி, மூன்று அடையாளங்களைத் தருகிறது: சக்தி வற்றிப்போதல், வேலையிலிருந்து மனம் விலகுதல் அல்லது வெறுத்தல், தன்னால் பயன் எதுவுமில்லை என்ற உணர்வு. விடுதி மொழியில் சொன்னால், பிள்ளையின் பெயரை மறந்து "கட்டில் இலக்கம் ஏழு" என்று மட்டுமே நினைவில் நிற்பதும், அழும் தாயைக் கண்டால் எரிச்சல் வருவதும், விடுமுறை நாளிலும் களைப்புத் தீராததும் அந்த அடையாளங்களே. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் பல மருத்துவர்கள் நாட்டைவிட்டுப் போனதால், எஞ்சியோரின் இரவுக் கடமைகள் கூடியிருக்கின்றன. உங்கள் சோர்வுக்கு முழுக்காரணமும் உங்கள் மனத்திடம் குறைந்தது என்று எண்ணிக்கொள்ள வேண்டாம்; கடமைப் பட்டியல் பற்றிப் பொறுப்பானவரோடு எழுத்து மூலம் பேசுவதும் மனநலப் பராமரிப்பேயாகும்.

விடுதியில் ஒரு பிள்ளை இறந்த இரவுக்கென்று ஓர் ஒழுங்கு வேண்டும். பெற்றோரோடு பேசி முடித்து, செய்யவேண்டிய பதிவுகள் முடிந்தபின், அங்கு நின்ற மருத்துவர், தாதி, சிற்றூழியர் எல்லோரும் ஐந்து நிமிடம் ஒன்றாக இருங்கள். என்ன நடந்தது, நன்றாகச் செய்தது எது, யாருக்கு இப்போது வீட்டுக்குப் போக முடியாமலிருக்கிறது என்ற மூன்றை மட்டும் பேசினாற் போதும். பிழை தேடும் கூட்டம் இன்னொரு நாளுக்குரியது. ஒரு தேத்தண்ணியாவது குடித்தபின்னரே அடுத்த பிள்ளையிடம் போங்கள். இரவு முழுதும் நின்றுவிட்டுச் சாவகச்சேரிக்கோ கிளிநொச்சிக்கோ மோட்டார் சைக்கிளில் உடனே புறப்படாதீர்கள். இரண்டு மணிநேரம் படுத்து எழும்பிப் போங்கள். அன்று மாலை ஒருவரிடம் பேசுங்கள். அந்த ஒருவர் யார் என்பதை, அது தேவைப்படுவதற்கு முன்பே, சக மருத்துவர்களில் ஒருவரோடு பரஸ்பரம் ஒப்பந்தம் செய்து வைத்திருக்கவேண்டும்.

சிறிய ஊரில் வைத்தியராக இருப்பதற்கென்று ஒரு பாரம் உண்டு. நல்லூர்த் திருவிழாவில் தேருக்கு முன் நிற்கும்போதும், திருநெல்வேலிச் சந்தையில் மரக்கறி வாங்கும்போதும் யாரோ ஒரு தாய் வந்து கையைப் பிடிப்பார். சில வேளை அவர் நீங்கள் காப்பாற்ற முடியாமற்போன பிள்ளையின் தாயாக இருப்பார். நின்று, பெயர் சொல்லி அழைத்து, இரண்டு வார்த்தை பேசுங்கள். அது இருவருக்கும் நல்லது. சிகிச்சை பற்றிய கேள்வியென்றால் கிளினிக் நாளைச் சொல்லி அனுப்புங்கள். உங்கள் சொந்தத் தொலைபேசி இலக்கத்தை எல்லோருக்கும் கொடுத்தால், இரவு பதினொரு மணிக்கு வரும் வட்ஸ்அப் படத்தைப் பார்க்காமல் விட்ட குற்றவுணர்வோடும், பார்த்துவிட்டால் நித்திரையில்லாமலும் இருப்பீர்கள். விடுதியின் இலக்கத்தையும் 1990ஐயும் கிளினிக் கொப்பியின் முதற்பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்.

எங்களிற் பலரும் இடம்பெயர்ந்து வளர்ந்த பிள்ளைகள். பிள்ளையொன்று தகப்பனைத் தேடி அழும்போது நம் நெஞ்சில் எழுவது முழுவதும் அந்தப் பிள்ளையின் துயரமாக இராது. நம்முடைய பழையதும் அதில் கலந்திருக்கும். அதை அறிந்து பெயர் சொல்லத் தெரிந்தாலே பாதிப் பாரம் குறையும். குறையாதபோது, நித்திரைக் குளிசையை நமக்கு நாமே எழுதிக்கொள்ளும் பழக்கத்துக்குப் போகாமல், உளநல மருத்துவர் ஒருவரைப் பாருங்கள். கூடவே வேலை செய்பவரிடம் போகக் கூச்சமென்றால் வேறு மாவட்டத்தில் ஒருவரை நாடலாம், 1926க்கும் அழைக்கலாம். தாய்மாருக்கு நாம் சொல்லும் அறிவுரையை நாமே ஏற்காவிட்டால், நம் குரலில் அது தெரிந்துவிடும்.

எட்டாம் படி: இடமாற்றம் வரும்போது

புதிதாக வந்தவருக்கு இதை இப்போதே சொல்வது முந்திய பேச்சாகத் தோன்றலாம். ஆனால் உங்களிடம் மனம் திறந்த பிள்ளை ஏற்கெனவே யாரையோ இழந்த பிள்ளையாக இருக்கும், அதனிடம் சொல்லாமல் போவது இன்னொரு இழப்பு. கடிதம் கைக்கு வந்ததும், குறைந்தது இரண்டு கிளினிக்குகளுக்கு முன்பே பிள்ளைக்கு நேரிற் சொல்லுங்கள். அழுதால் அழவிடுங்கள், கோபித்தால் கோபிக்கவிடுங்கள். இதுவரை நடந்ததை ஒரு பக்கத்தில் தமிழிலேயே எழுதித் தாயிடம் ஒரு பிரதி கொடுங்கள். பிள்ளை மறைக்கக் கேட்டவற்றை அதில் எழுதாமல், கோப்பில் மட்டும் வையுங்கள். கடைசிக் கிளினிக்கில் புதிய மருத்துவரை அழைத்து மூன்றாவது கதிரையில் இருத்தி, பிள்ளை வரைந்த படங்களைப் பிள்ளையே அவருக்குக் காட்டும்படி கேளுங்கள். அடுத்த திகதியையும் புதியவரின் பெயரையும் கிளினிக் கொப்பியில் உங்கள் கையாலேயே எழுதிக் கொடுங்கள்.